மாலைக்குப் பிறகு

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை. மலருக்காக உரையாளரே சற்றுச் சுருக்கித் தந்துள்ளார்.)



எனக்குத் தந்த தலைப்பு ‘அடுத்த நூற்றாண்டை நோக்கி நம் இலக்குகள்’. பேசுவதற்கு இருபது நிமிடம். நூறு வருடத்துக்கு இலக்கு வைக்க இருபது நிமிடம் போதாதே அக்கா என்று காரியதரிசியிடம் சொன்னேன். “ஒரு வருடத்துக்கு வைத்தாலே போதும் தங்கச்சி” என்றார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

என் அப்பா றப்பர் மரத்தில் பால் வெட்டியவர். அம்மா கொழுந்து பறித்தவர். கேகாலை மாவட்டத்தில், யட்டியாந்தோட்டைப் பக்கம், லயத்தில் வளர்ந்தேன். ஆகவே ‘இலக்கு’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொழுந்துத் தராசுதான் ஞாபகம் வருகிறது. இன்றைக்கு இத்தனை கிலோ என்று யாரோ எங்கோ முடிவு செய்வார்கள். எடை குறைந்தால் அம்மாவுக்கு அரைப் பேர். அந்த எண்ணை முடிவு செய்யும்போது அம்மாவை ஒருவரும் கேட்டதில்லை. தோட்டத்துப் பிள்ளைகளான நமக்கு இலக்கு என்பது மேலேயிருந்து இறங்கி வருவது. நமக்கு நாமே இலக்கு வைத்துப் பழகவில்லை. அதனால்தானோ என்னவோ, நமது சங்கத்தின் தீர்மானங்களிலும் ‘கல்வியை மேம்படுத்துவோம்’, ‘கைகொடுப்போம்’ என்ற பெரிய சொற்கள் இருக்கின்றன. எத்தனை பேருக்கு, யார், எந்தத் திகதிக்குள் என்பது இல்லை.

இது ஏன் எனக்கு உறுத்துகிறது என்பதை ஒரு பிள்ளையின் கதையால் சொல்கிறேன். அவளுடைய சம்மதத்தோடுதான் சொல்கிறேன். பெயர் வேண்டாம் என்றாள்.

சில வருடங்களுக்கு முன் நம் பாடசாலையிலிருந்து தெற்கிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானாள். அவள் பிறந்த லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போகும் முதல் பிள்ளை. பரிசளிப்பு விழாவில் மேடையேற்றி மாலை போட்டோம். மாலை போட்டவர்களில் நானும் ஒருத்தி. படம் நமது ஆண்டு மலரிலும் வந்தது. பிறகு நான் என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஒன்றரை வருடம் கழித்து என் கிளினிக்குக்குச் சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்க ஒரு தாய் வந்தார். முகம் தெரிந்தது. மகள் எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “புள்ள ஆறு வாரத்துல திரும்பி வந்திருச்சுங்க டொக்டரம்மா. மாலை போட்டப்ப நீங்க எல்லாரும் இருந்தீங்க. திரும்பி வந்தப்ப யாரும் இல்லீங்களே.”

அவர் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். எனக்கு அன்று பின்னேரம் வரை வேலை ஓடவில்லை.

பிறகு அவளைத் தேடிப்போய்ப் பேசினேன். ஒரு பெரிய காரணம் இருக்கும் என்று நினைத்துப் போனேன். இருந்தவை எல்லாம் சின்னச் சின்னக் காரணங்கள். உதவிப் பணம் கைக்கு வரவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தால் நகையை அடகு வைப்பார் என்று சொல்லாமல் ஒரு நேரச் சாப்பாட்டோடு இருந்திருக்கிறாள். அறிவித்தல் பலகையில் சிங்களத்தில் ஒட்டியிருந்த ஒரு தவணைத் திகதியைத் தவறவிட்டாள். விரிவுரை ஆங்கிலத்தில் ஓடியது. இரவில் மூத்த மாணவர்களின் பகிடிவதை. யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். ‘யாராவது ஒருத்தர் கேட்டிருந்தா இருந்திருப்பேன் மிஸ்’ என்றாள்.

இனி வருவதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அதே பல்கலைக்கழகத்தில் அந்த நேரம் நம் பாடசாலையின் பழைய மாணவியர் மூன்று பேர் வேலை செய்தார்கள். ஒருவர் விரிவுரையாளர், ஒருவர் பதிவாளர் பகுதியில், ஒருவர் சுகாதார நிலையத்தில். மூவரும் நமது வாட்ஸ்அப் குழுவில் இருந்தார்கள். பொங்கல் வாழ்த்தும் பிறந்தநாள் வாழ்த்தும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இப்படி ஒரு பிள்ளை தங்கள் வளாகத்துக்கு வந்திருப்பதாக அவர்களிடம் ஒருவரும் சொல்லவில்லை. அவர்களின் தொலைபேசி இலக்கத்தை இந்தப் பிள்ளையிடமும் ஒருவரும் கொடுக்கவில்லை.

நானும் இப்படித்தான் போனவள். நான் மருத்துவ பீடத்துக்குப் போன முதல் நாள், பஸ் நிலையத்தில் என் தகரப் பெட்டியைப் பார்த்துவிட்டு ஒரு அக்கா “எந்தத் தோட்டம்?” என்று கேட்டார். பெட்டியைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். வேறொரு மாவட்டத்துத் தோட்டத்திலிருந்து வந்து மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தவர். விடுதிக்குக் கூட்டிப்போனார். எந்தச் சாப்பாட்டுக் கடையில் மாதக் கணக்கு வைக்கலாம், எந்தப் புத்தகத்தை வாங்காமல் நூலகத்தில் எடுக்கலாம் என்று சொல்லித் தந்தார். அவர் அன்று அந்த பஸ்ஸைத் தவறவிட்டிருந்தால் நான் இன்று இந்த மேடையில் நிற்பேனா என்பது சந்தேகம். நான் நின்றதும் தற்செயல். அவள் திரும்பி வந்ததும் தற்செயல். அந்தத் தற்செயலை ஓர் ஏற்பாடாக மாற்றுவதைத் தவிர நம் சங்கத்துக்கு வேறு பெரிய இலக்கு வேண்டியதில்லை என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

நமக்கு ஏன் இந்த ஏற்பாடு மற்றவர்களை விட அதிகம் தேவைப்படுகிறது? இலவசக் கல்வி 1945இல் வந்தது. கன்னங்கரா அவர்களை நாம் எல்லோரும் நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் தோட்டப் பாடசாலைகள் அந்த வளையத்துக்கு வெளியேதான் நின்றன. அரசாங்கம் அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது 1977க்குப் பிறகு. இடையில் 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம், 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றவர் என்ற பெயர். நாடற்றவர் பிரச்சினையை முழுமையாக முடிப்பதற்கான சட்டம் வந்ததே 2003இல். முப்பது வருடம் பிந்தி ஓட ஆரம்பித்தவர்கள் நாம். வீட்டில் பல்கலைக்கழகம் போன அண்ணனோ சித்தியோ இருந்தால், எந்தப் படிவத்தை எப்போது நிரப்புவது என்பது சாப்பாட்டு மேசையிலேயே தெரிந்துவிடும். நம் பிள்ளைகள் பலருக்கு அப்படி ஒருவர் வீட்டில் இல்லை.

அதோடு நாம் சப்ரகமுவக்காரர். மலையகம் என்றால் நுவரெலியா, ஹட்டன் என்றே பலருக்கும் நினைவு. இரத்தினபுரியிலும் கேகாலையிலும் நம் தோட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. இறக்குவானையில் நாலு, தெரணியகலையில் மூன்று, புலத்கொஹுபிட்டியவில் இரண்டு என்று சிங்களக் கிராமங்களுக்கு நடுவே தனித்தனியாக இருக்கிறோம். உயர்தர விஞ்ஞானப் பிரிவைத் தமிழில் படிக்க நம் பிள்ளைகளில் பலர் ஊரை விட்டே போக வேண்டியிருக்கிறது. ஒரு பிள்ளை தெரிவானால் கூடப் போக ஊரில் இன்னொரு பிள்ளை இருக்காது. தனியாகத்தான் பஸ் ஏறுவாள்.

இந்த நிலை உலகத்தில் நமக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் ஹவார்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. பலரும் ஹார்வர்ட் என்று மாற்றிச் சொல்வார்கள். இது கறுப்பின மக்களின் கல்விக்காக எழுந்த வேறு பல்கலைக்கழகம். அங்கே 1922இல் மாணவியர் நலனுக்குப் பொறுப்பான பீடாதிபதியாக லூசி டிக்ஸ் ஸ்லோ நியமிக்கப்பட்டார். அதே பல்கலைக்கழகத்தின் பழைய மாணவி, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். மாணவியருக்குப் பொறுப்பானவர் என்றால் எத்தனை மணிக்கு விடுதிக்குத் திரும்பினாள் என்று பார்க்கிற காவல்காரி என்றுதான் அன்று பலர் நினைத்தார்கள். இது தனியாகப் படித்துப் பயின்று செய்ய வேண்டிய ஒரு தொழில் என்று அவர் வாதாடினார். மாணவியருக்குத் தகுந்த விடுதி வேண்டும் என்று உழைத்தார். 1931இல் அவை திறக்கப்பட்டன.

அதைவிட எனக்குப் பிடித்தது அவர் 1929இல் செய்த காரியம். கறுப்பினக் கல்லூரிகளில் தன்னைப் போல மாணவியரைக் கவனிக்கும் பெண்களையெல்லாம் ஹவார்டுக்கு அழைத்து ஒரு மாநாடு கூட்டினார். ஒவ்வொருத்தியும் தன் கல்லூரியில் தனியாள். சம்பளமும் மதிப்பும் குறைவு. அவர்களை ஒருவரோடு ஒருவர் முடிச்சுப் போட்டார். அந்த முடிச்சு ஒரு சங்கமாகி, 1954இல் ஆண்களின் சங்கத்தோடு இணைந்து, இன்றும் நடக்கிறது. லூசி ஸ்லோ 1937இலேயே இறந்துவிட்டார். அவர் போன பிறகும் வேலை நின்றுவிடாதபடி ஏற்பாடு இருந்தது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். அவரவர் இடத்தில் நல்ல மனதோடு தனித்தனியாக இருப்பவர்களை ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களாக்க வேண்டும்.

எப்படி ஏற்பாடு செய்வது என்பதற்கு என் தொழிலிலிருந்து ஓர் உதாரணம். இந்த நாட்டில் 1940களின் நடுவில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 1,500க்கும் அதிகமான தாய்மார் இறந்தார்கள். அண்மைக் காலத்தில் அது 30, 40 என்ற அளவுக்கு வந்திருக்கிறது. மலேரியா கட்டுப்பாடு, ஆஸ்பத்திரிகள், எழுத்தறிவு என்று பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து வளர்ந்த ஒரு வழக்கம். நாம் மிட்வைஃப் மிஸ் என்று கூப்பிடுகிறோமே, அவர் கையில் ஒரு பதிவேடு இருக்கும். அவர் பகுதியில் உள்ள ஒவ்வொரு கர்ப்பிணியின் பெயரும் அதில் இருக்கும். தாய் கிளினிக்குக்கு வராவிட்டால் அவர் வீட்டைத் தேடிப் போவார். தோட்டங்களுக்கு அந்தச் சேவை பிந்தித்தான் வந்தது. வந்த இடங்களில் என்ன மாற்றம் நடந்தது என்பதை நான் கண்ணால் பார்த்தவள். இன்னொன்றும் உண்டு. இன்றும் ஒரு தாய் இறந்தால் ஏன் இறந்தார் என்று உட்கார்ந்து ஆராய்கிறோம். யாரையும் தண்டிப்பதற்காக அல்ல. அடுத்த தாய் அதே இடத்தில் தவறிப் போகக் கூடாது என்பதற்காக.

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பொறுப்பாளி. தவறினால் ஏன் என்று ஒரு கேள்வி. இந்த இரண்டையும் நம் சங்கத்துக்குக் கொண்டுவருவோம் என்கிறேன். வரும் ஆண்டுக்கு நாலே நாலு இலக்குகளை முன்வைக்கிறேன். ஐந்தாவது வேண்டாம். நீண்ட பட்டியலை யாரும் செய்து முடிப்பதில்லை.

முதலாவது, ஒரு பதிவேடு. உயர்தரம் எழுதும் நம் பிள்ளைகள் எல்லோருடைய பெயரும், அவர்கள் சம்மதத்தோடு, ஒரு கொப்பியில் இருக்க வேண்டும். பெறுபேறு வந்து 14 நாட்களுக்குள் ஒவ்வொருவரோடும் நம்மில் ஒருவர் பேசியிருக்க வேண்டும். பல்கலைக்கழகம் கிடைக்கும் பிள்ளை மட்டுமல்ல, கல்வியியற் கல்லூரி, தாதியர் பயிற்சி, தொழில்நுட்பக் கல்லூரி போகும் பிள்ளையும் வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்ற பிள்ளையும் அதில் அடக்கம். சொல்லப்போனால் கடைசியாகச் சொன்னவளோடுதான் முதலில் பேச வேண்டும்.

இரண்டாவது, தாள்கள். நம் பிள்ளைகள் பலருக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவில் இன்னொரு பெயர். லயத்துக்கு இலக்கமில்லாததால் கடிதம் தோட்டத்து ஒபிசுக்குப் போய்க் கிடக்கும். 2016 மே மாதத்து மண்சரிவிலும் 2017 மே மாதத்து இரத்தினபுரி வெள்ளத்திலும் சான்றிதழ்களை இழந்த குடும்பங்களை நமக்குத் தெரியும். ஆகவே உயர்தரம் முதலாம் ஆண்டிலேயே ஒவ்வொரு பிள்ளையின் தாள்களையும் சரிபார்த்து, திருத்தி, பிரதி எடுத்து வைக்க வேண்டும். பிரதேச செயலகத்தில் வேலை செய்யும் நம் பழைய மாணவியர் இங்கே இருக்கிறீர்கள். இது உங்களுக்கு ஒரு சனிக்கிழமை வேலை.

மூன்றாவது, முதல் மூன்று மாதச் செலவு. 1981இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசில் நம் பிள்ளைகள் எத்தனையோ பேரைப் படிக்க வைத்திருக்கிறது. ஆனால் முதல் தவணை கைக்கு வர மாதங்கள் ஆகலாம். அந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் பட்டினி கிடக்கிறார்கள். விடுதிக் காசு, படுக்கை விரிப்பு, சாப்பாடு, பஸ் காசு, போனுக்கு டேட்டா என்று பொருளாளர் ஒரு கணக்கெடுக்கட்டும். அந்தத் தொகை, பிள்ளை பஸ் ஏறுவதற்கு முன்னால், அவளுடைய வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். மேடையில் உறை கொடுத்துப் படம் எடுக்க வேண்டாம். கடனாகவும் வேண்டாம்.

நாலாவது, ஒரு பிள்ளைக்கு ஓர் அக்கா, நூறு நாட்களுக்கு. முடிந்தால் அதே வளாகத்தில் படிப்பவர் அல்லது வேலை செய்பவர். பேராதனை, கொழும்பு, யாழ்ப்பாணம், பெலிஹுல்ஓயாவில் நம் சப்ரகமுவ பல்கலைக்கழகம் என்று எங்கெங்கே நம்மவர்கள் இருக்கிறார்கள் என்று முதலில் ஒரு பட்டியல் போடுவோம். அந்த அக்கா ஏழு தடவை கதைக்க வேண்டும்: புறப்படும் முன், முதல் இரவு, பிறகு 7ஆம், 14ஆம், 30ஆம், 60ஆம், 100ஆம் நாள். கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றுதான். இன்றைக்கு என்ன சாப்பிட்டாய்? எந்த அறிவித்தலாவது விளங்கவில்லையா? யாராவது உன்னைத் தொந்தரவு செய்கிறார்களா?

மூன்றாவது கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள். 1997இல் பேராதனையில் பகிடிவதையின் பேரில் கடுமையான உடற்பயிற்சி செய்விக்கப்பட்ட பொறியியல் மாணவர் ஒருவர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அடுத்த வருடமே, 1998இல், பகிடிவதையைக் குற்றமாக்கும் சட்டம் வந்தது. சட்டம் இருந்தும் அது நிற்கவில்லை. பிள்ளை சொன்னால் நம்புங்கள், எழுதி வையுங்கள், அவளோடு மாணவ ஆலோசகரிடம் போங்கள். இரவில் மனம் உடைந்து பேசினால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்தை அவளுக்குச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு நீங்கள் போனை வைத்துவிடாதீர்கள்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பகுதிப் பிள்ளைகளுக்குச் சிங்களம் பேச வரும். கடையிலும் பஸ்ஸிலும் பழகியது. வாசிக்கவும் எழுதவும்தான் தடுமாறுகிறார்கள். ஆங்கிலம் இரண்டிலும் தடுமாற்றம். பரீட்சை முடிந்து வளாகம் திறக்கும்வரை மாதக்கணக்கில் சும்மா இருக்கும் காலத்தை இதற்குப் பயன்படுத்தலாம். கனடாவிலும் இங்கிலாந்திலும் இருக்கும் அக்காமாரே, பணம் அனுப்புகிறீர்கள், நன்றி. வாரத்தில் ஒரு மணித்தியாலம் ஒரு பிள்ளையோடு ஆங்கிலத்தில் கதையுங்கள். ரொறன்ரோவில் நீங்கள் இரவுச் சமையல் முடித்து உட்காரும்போது இங்கே விடிந்திருக்கும்.

இதற்கெல்லாம் அளவுகோல் என்ன? அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் காரியதரிசியின் அறிக்கை எத்தனை கூட்டம் நடந்தது என்று தொடங்கக் கூடாது. இத்தனை பிள்ளைகள் போனார்கள், நூறாம் நாள் இத்தனை பேர் அங்கே இருக்கிறார்கள் என்று தொடங்க வேண்டும். ஒருத்தி திரும்பி வந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏன் என்று அவளிடமே கேட்க வேண்டும். அவளுடைய அம்மாவிடமும் கேட்க வேண்டும்.

சில அக்காமார் என்னிடம் கேட்டார்கள்: நூற்றாண்டு நினைவாகக் கண்ணுக்குத் தெரிய ஒன்று வேண்டாமா, வாசலில் ஒரு வளைவாவது கட்ட வேண்டாமா? கட்டுவதை நான் எதிர்க்கவில்லை. இந்த நாலும் நடந்த பிறகு மிஞ்சும் பணத்தில் கட்டுவோம். வாசல் வளைவு நம்மை வரவேற்கும். வெளியே போகிற பிள்ளைக்கு அது கூட வராது.

அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அவள் இன்று தன் தோட்டத்துப் பாலர் பாடசாலையில் ஆசிரியை. கெட்டிக்காரி. பிள்ளைகள் அவள் சேலை முந்தானையை விடுவதில்லை. அவள் வாழ்க்கை வீணாகிவிட்டது என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் அவள் உழைத்துப் பெற்ற ஓரிடம் அவளுக்கு இல்லாமல் போனது. அதில் எனக்கும் பங்குண்டு. போன மாதம் இந்த உரையைப் பற்றி அவளிடம் சொன்னபோது ஒன்று கேட்டாள். “மிஸ், பிள்ளைகளோட கதைக்க அக்காமார் இருக்காங்க. அம்மாமாரோட கதைக்க யாரு? அவங்கதான் ராத்திரி தூங்காம கிடப்பாங்க. அந்த வேலைய எனக்குத் தாங்க.”

பட்டியலில் முதல் பெயராக அவளுடையதை எழுதியிருக்கிறேன். இரண்டாவது என் பெயர். இந்தக் கொப்பியை மண்டப வாசலில் மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறேன். தேநீர் குடிக்கப் போகும் வழியில் உங்கள் பெயரையும், நீங்கள் இருக்கும் ஊரையும், தொலைபேசி இலக்கத்தையும் எழுதிவிட்டுப் போங்கள். இந்த மலரைத் தூரத்திலிருந்து வாசிக்கும் சகோதரிகள் காரியதரிசிக்கு ஒரு வரி எழுதினால் போதும், நாங்கள் சேர்த்துக்கொள்வோம்.

தோட்டத்தில் வேலைக்கு வந்தவரின் கணக்கில் பேர் விழும் என்பார்கள். இந்த வேலையில் நம் எல்லோருக்கும் முழுப் பேர் விழட்டும்.